முனை எண்ணிச் சுடும் சட்டம்: மான் கூட்டத்துக்கு லாபமா, வேட்டைக்கு லாபமா?

நவம்பர் பிறந்ததும் அமெரிக்காவின் பல மாநிலங்களில் மான் வேட்டை சூடு பிடிக்கிறது. கூடவே பழைய விவாதம் ஒன்றும் எழுகிறது. கொம்பில் இத்தனை முனைகள் இல்லாத ஆண் மானைச் சுடக் கூடாது என்று சில மாநிலங்கள் விதி வைத்திருக்கின்றன. இந்த விதி வந்த பிறகுதான் எங்கள் காட்டில் பெரிய மான்கள் திரும்பின என்கிறார்கள் ஒரு சாரார். கொம்பு மோகத்துக்கு அரசே முத்திரை குத்திவிட்டது என்கிறார்கள் மறு சாரார். மான்கள் பெருகுவதைக் கட்டுப்படுத்தவே இந்த விதி என்று நினைப்பவர்களும் நிறையப் பேர். அது தவறு.

விதி எதைச் செய்கிறது, எதைச் செய்வதில்லை என்று பிரித்துப் பார்த்தால் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும். கொம்பிலிருந்தே தொடங்கலாம்.

எந்தக் கொம்பு?

தமிழில் மாட்டுக்கும் கொம்புதான், மானுக்கும் கொம்புதான். உயிரியலில் இரண்டும் வெவ்வேறு. கோடியக்கரை வெளிமானின் முறுக்குக் கொம்பு மாட்டுக் கொம்பின் வகை: உள்ளே எலும்பு, அதன் மேல் நகம் போன்ற உறை. அது வாழ்நாள் முழுக்க விழாது. கிண்டியில் மேயும் புள்ளிமானின் கிளைக் கொம்போ முழுக்க எலும்பு. அது விழும், மறுபடி முளைக்கும். அமெரிக்காவில் அதிகம் வேட்டையாடப்படும் வெள்ளைவால் மான் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

வெள்ளைவால் ஆண் மானுக்கு வசந்தத்தில் கொம்பு முளைக்கத் தொடங்குகிறது. கோடை முழுக்க, மெல்லிய மயிர் படர்ந்த தோல் போர்வைக்குள் ரத்தம் ஓடி அது வளர்கிறது. செப்டம்பர் வாக்கில் அந்தத் தோல் உரிந்து எலும்பு வெளியே தெரிகிறது. நவம்பரில் இணைசேரும் பருவம். குளிர்காலத்தில் கொம்பு உதிர்ந்துவிடுகிறது. அடுத்த வசந்தத்தில் எல்லாம் புதிதாகத் தொடங்குகிறது.

ஓர் ஆண்டின் கொம்பு எவ்வளவு பெரிதாக வரும் என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: வயது, தீனி, மரபு. மனிதர் போடும் சட்டத்துக்கு எட்டுவது இவற்றில் முதலாவதுதான். மே, ஜூனில் பிறக்கும் குட்டி முதல் வேட்டைக் காலத்தில் ஆறு மாதக் குட்டி. ஆண் குட்டியின் தலையில் பித்தான் அளவு மேடுதான் இருக்கும். அடுத்த வேட்டைக் காலத்தில் அதற்கு ஒன்றரை வயது. முதல் கொம்பு அப்போதுதான் வருகிறது. முழு வளர்ச்சியில் அது தாங்கப்போகும் கொம்பில் ஏறத்தாழ கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான் இது. மூன்றரை வயதில் முக்கால் பங்கை எட்டும். உச்சம் ஐந்து, ஆறு வயதில்.

விதியின் அடிப்படை இதுதான்: ஒன்றரை வயது மானை இந்த ஆண்டு விட்டுவிட்டால் அடுத்த ஆண்டு அது வேறு மானாக நிற்கும்.

விதி எதை அளக்கிறது?

காட்டில் மானின் வயதைக் கேட்டுச் சுட முடியாது. எனவே வயதுக்குப் பதிலாகக் கண்ணுக்குத் தெரியும் ஓர் அடையாளத்தைச் சட்டம் பிடித்துக்கொள்கிறது. அதில் மூன்று வகை உண்டு.

1. முனை எண்ணிக்கை. ஒரு பக்கக் கொம்பில் மூன்று அல்லது நான்கு முனைகள் இருக்க வேண்டும் என்பது போன்ற விதி. பென்சில்வேனியா இப்படி. அங்கே ஒரு கிளையை முனையாகக் கணக்கிட அது ஓர் அங்குல நீளமாவது இருக்க வேண்டும்.

2. உள்விரிவு. இரண்டு கொம்புகளுக்கும் நடுவே உள்ள அகலம். டெக்சாஸில் இது 13 அங்குலம். 2002இல் ஆறு கவுண்டிகளில் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) தொடங்கி இன்று நூற்றுக்கும் மேற்பட்ட கவுண்டிகளில் இருக்கிறது. மான் காதை விறைத்து நிற்கும்போது ஒரு காது நுனியிலிருந்து மறு காது நுனி வரை உள்ள தூரமே அதற்கு அளவு. கொம்பு காதைத் தாண்டி வெளியே நிற்கிறதா என்று பார்த்தால் போதும்.

3. தண்டின் நீளம். கொம்பின் முதன்மைத் தண்டு இத்தனை அங்குலம் என்பது. தனியாக அல்லாமல் உள்விரிவோடு சேர்த்து 'இது அல்லது அது' என்று வைப்பது வழக்கம்.

காகிதத்தில் இவை எளிதாகத் தெரியும். காட்டில் அப்படியில்லை. விடிந்தும் விடியாத வெளிச்சம், எழுபது கெஜத் தொலைவு, புதருக்குப் பின்னால் தலையைத் தாழ்த்தியபடி நடக்கும் மான். நெற்றிக்கு மேலே முளைக்கும் முதல் சின்ன முனை, புருவ முனை, காதின் மயிரோடு கலந்து மறைந்துவிடும். அது இருக்கிறதா இல்லையா என்பதில்தான் சுடலாமா கூடாதா என்பது நிற்கிறது. பென்சில்வேனியாவின் மேற்குப் பகுதியில் முதலில் 'நான்கு முனை' என்று இருந்த விதியை 2011இல் 'புருவ முனையை விட்டுவிட்டு மூன்று' என்று மாற்றினார்கள். தெளிவாகத் தெரிவதை மட்டும் எண்ணச் சொன்ன இந்தத் திருத்தம் நல்ல திருத்தம். கண்ணால் சரிபார்க்க முடியாத விதியை எந்த நேர்மையான வேட்டைக்காரராலும் கடைப்பிடிக்க முடியாது.

பென்சில்வேனியா: நூறாண்டுக் கதை

இந்த விவாதத்தில் அதிகம் எடுத்துக்காட்டப்படும் மாநிலம் பென்சில்வேனியா. அங்கே விதி வந்த பின்னணியைத் தெரிந்துகொள்ளாமல் அதை எடைபோட முடியாது.

1900 வாக்கில் அங்கே மான் கிட்டத்தட்ட அற்றுப்போயிருந்தது. வேறு மாநிலங்களிலிருந்து மான்களைக் கொண்டுவந்து விட்டார்கள். 1907இல் பெண் மானைச் சுடத் தடை வந்தது. தடை தன் வேலையைச் செய்தது, மான் பெருகியது. ஆனால் பெருகியதோடு நிற்கவில்லை. மரக்கன்றுகளை முளையிலேயே மேய்ந்துவிட, பெரிய மரங்கள் இருந்தும் அடியில் இளம் மரமே இல்லாத காடுகள் உருவாயின. 1923இல் பெண் மான் வேட்டையை ஓரளவு திறந்துவிட்டார்கள். மனம் மட்டும் மாறவில்லை. பெண் மானைச் சுடுவது தவறு என்ற எண்ணம் அப்பனிடமிருந்து மகனுக்குக் கைமாறி வந்துகொண்டே இருந்தது.

நூற்றாண்டின் இறுதியில் நிலைமை இதுதான். கொம்பு வைத்த மான் எது கண்ணில் பட்டாலும் சுடுவார்கள். மூன்று அங்குலத்தில் ஒற்றைக் குச்சிக் கொம்பு இருந்தாலே சட்டம் அனுமதித்தது. சுடப்பட்ட ஆண் மான்களில் ஐந்தில் நான்கு ஒன்றரை வயதுக் குஞ்சுகள். பெண் மான்களோ ஏராளம்.

1999இல் மாநிலத்தின் மான் பிரிவுக்குப் பொறுப்பேற்றவர் கேரி ஆல்ட். அதற்கு முன் கரடி ஆய்வாளராகப் பெயர் பெற்றவர். ஊர் ஊராகப் போய் அரங்கம் நிறைந்த கூட்டங்களில் பேசினார். அவருடைய திட்டத்துக்கு இரண்டு கால்கள். ஒன்று, பெண் மான்களை அதிகம் சுட்டுக் கூட்டத்தைக் காடு தாங்கும் அளவுக்குக் குறைப்பது. 2001இல் ஆண், பெண் மான் வேட்டையை ஒரே காலத்தில் நடத்தத் தொடங்கினார்கள். மற்றது, இளம் ஆண் மான்களைக் காப்பது. 2002இல் கொம்பு விதி வந்தது. பெரும்பாலான பகுதிகளில் ஒரு பக்கத்தில் மூன்று முனை, தீனி செழித்த மேற்கில் நான்கு முனை. தீனி நல்ல இடத்தில் ஒன்றரை வயது மானுக்கே முனைகள் கூடுதலாக வந்துவிடும் என்பதால்தான் இந்த வேறுபாடு.

2002இல் நடந்தது இது: முந்தைய ஆண்டு சுமார் 2 லட்சத்து 3 ஆயிரம் ஆண் மான்கள் சுடப்பட்டிருந்தன, அந்த ஆண்டு சுமார் 1 லட்சத்து 65 ஆயிரம். பெண் மான்களும் குட்டிகளுமாகச் சுடப்பட்டவை சுமார் 3 லட்சத்து 52 ஆயிரம். மொத்தம் 5 லட்சத்து 17 ஆயிரத்துக்கு மேல். அந்த மாநிலத்தின் வரலாற்றிலேயே உச்சம். அடுத்த சில ஆண்டுகளில் மான் குறைந்தது வேட்டைக்காரர்களுக்குக் கண்கூடாகத் தெரிந்தது. கோபம் வெடித்தது, மிரட்டல்களும் வந்தன. 2004 இறுதியில் ஆல்ட் பதவியை விட்டு விலகினார்.

இதில் கவனிக்க வேண்டியது: கூட்டத்தைக் குறைத்தது கொம்பு விதி இல்லை, பெண் மான் வேட்டை. மக்களின் கோபமும் பெரும்பாலும் பெண் மான் வேட்டை மீதுதான். கொம்பு விதிக்குப் பாதிக்கு மேற்பட்ட வேட்டைக்காரர்களின் ஆதரவு தொடர்ந்தது. இரண்டும் ஒரே காலத்தில் வந்ததால் ஒன்றின் பலனையும் பழியையும் மற்றொன்றின் தலையில் கட்டுவது இன்றும் நடக்கிறது.

உறுதியாகச் சொல்லக்கூடிய பலன்: வயது

சுடப்பட்ட மானின் வயதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? வேட்டைக் காலத்தில் அரசு ஊழியர்கள் மான் இறைச்சி வெட்டித் தரும் கடைகளுக்குப் போகிறார்கள். ஒதுக்கி வைத்த தலைகளின் தாடையைத் திறந்து டார்ச் அடித்துப் பார்க்கிறார்கள். கீழ்த்தாடையில் முன்பக்கத்திலிருந்து மூன்றாவதாக உள்ள முன்கடைவாய்ப்பல்தான் சாட்சி. பால்பல்லாக இருக்கும்போது அதில் மூன்று மேடுகள் இருக்கும். ஏறத்தாழ ஒன்றரை வயதில் அது விழுந்து, இரண்டே மேடுள்ள நிலைப்பல் வருகிறது. மூன்று மேடோடு தேய்ந்திருந்தாலோ, புதுப்பல் அப்போதுதான் வெள்ளையாக எட்டிப்பார்த்தாலோ ஒன்றரை வயது. நிலைப்பல் வந்து கறையேறி, தேயத் தொடங்கியிருந்தால் இரண்டரை அல்லது அதற்கு மேல். ஒன்றரைக்கும் இரண்டரைக்கும் நடுவே இந்த ஒரு கோட்டை நம்பி இழுக்கலாம்.

இப்படி ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான தாடைகளைப் பார்த்ததில் வந்த விடை தெளிவானது. விதிக்கு முன் சுடப்பட்ட ஆண் மான்களில் இரண்டரை வயதும் அதற்கு மேலும் ஆனவை ஐந்தில் ஒன்று. அண்மை ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு. வேட்டைக்காரர் கையில் கிடைக்கும் மான் உண்மையிலேயே மாறிவிட்டது.

ஆனால் அந்தப் பாதுகாப்பு ஓர் ஆண்டுக்குத்தான். இரண்டரை வயதில் மூன்று முனையைத் தொட்டதும் பெரும்பாலானவை சுடப்பட்டுவிடுகின்றன. ஐந்து வயது ராட்சதக் கொம்புகள் காடெங்கும் நடமாடும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம்தான். விதி அதற்காக எழுதப்படவும் இல்லை.

கூட்டத்துக்கு என்ன ஆகிறது?

ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு காட்டில் 60 பெண் மான், 40 ஆண் மான். வேட்டையில் 30 ஆண் மான்கள் போகின்றன. மிச்சமுள்ள 10 ஆண் மான்களே 60 பெண் மான்களையும் சினைப்படுத்திவிடும். குட்டிகளின் எண்ணிக்கை குறையாது. கொம்பு விதி போட்டு 15 ஆண் மான்களை மட்டும் சுட்டாலும் குட்டிகள் அதே அளவுதான். எனவே:

1. ஆண் மானைச் சுடுவதால் பெருக்கம் குறையாது. பெருக்கத்தின் கடிவாளம் பெண் மானிடம் இருக்கிறது. நன்றாகத் தின்ற பெண் மான் இரட்டைக் குட்டி போடுவது சாதாரணம்.

2. பெண் மான் வேட்டை இல்லாமல் கொம்பு விதி மட்டும் போட்டால், சுடாமல் விட்ட ஆண் மான்களும் அதே காட்டைத்தான் மேயும். ஏற்கெனவே தாங்க முடியாத காட்டுக்கு இது கூடுதல் சுமை.

3. ஆண், பெண் விகிதம் ஓரளவு சீராகிறது. அதில் பெரிய பங்கு பெண் மான் குறைப்புக்கே.

வயதான ஆண் மான்கள் இருந்தால் இணைசேரும் பருவம் சீக்கிரம் முடியும், குட்டிகள் ஒரே நேரத்தில் பிறக்கும் என்ற வாதத்தையும் அடிக்கடி கேட்கலாம். கேட்க நியாயமாகவே இருக்கிறது. ஆனால் பென்சில்வேனியாவில் விதிக்கு முன்பும் பெண் மான்கள் பெரும்பாலும் நவம்பர் நடுவில்தான் சினையாயின, பின்பும் அப்படியே. நாளின் நீளம் குறைவதுதான் அவற்றின் கடிகாரம். வளர்ந்த பெண் மான்களில் பத்துக்கு ஒன்பது எப்படியும் சினையாகிவிடுகின்றன. இன்னும் கூட்ட அதில் இடம் இல்லை.

இளம் ஆண் மான் பிறந்த இடத்திலேயே தங்குவதும் இல்லை. பென்சில்வேனியாவில் கழுத்துப்பட்டை மாட்டித் தொடர்ந்து பார்த்ததில், பாதி முதல் முக்கால் பங்கு வரையான இளம் ஆண் மான்கள் சராசரியாக ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளிப்போய்க் குடியேறின. நூறு ஏக்கர் வைத்திருக்கும் ஒருவர் தன் நிலத்தில் மட்டும் இளம் மானை விட்டுவைத்தால் அது வேறொருவர் நிலத்தில் போய்ச் சாகும். விதி வேண்டும் என்றால் அது பரந்த பகுதிக்கு இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் இல்லை.

அளவுகோல் தவறினால்: மிசிசிப்பி

மிசிசிப்பி 1995இல் மாநிலம் முழுவதற்கும் ஒரே விதி போட்டது: இரண்டு பக்கமும் சேர்த்து நான்கு முனை. எளிய விதி, நல்ல நோக்கம். ஆனால் ஆற்றுப் படுகை மண் செழித்த இடங்களில் நன்கு வளர்ந்த ஒன்றரை வயது மானுக்கே ஆறு, எட்டு முனை வந்துவிடும். அதே வயதில் பின்தங்கிய மானுக்குக் குச்சிக் கொம்புதான். விதியின்படி நன்றாக வளர்ந்தது சுடப்படும், பின்தங்கியது பிழைக்கும்.

அறுவடையில் நெல்லை விற்றுவிட்டுப் பதரைக் குதிரில் கொட்டுவது போன்ற வேலை. சில ஆண்டுகள் கழித்து அந்தப் பதர்தான் இரண்டரை, மூன்றரை வயது மானாக நின்றது. மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்ட ஆய்வில், பொது வேட்டைக் காடுகளில் அந்த வயது மான்களின் சராசரிக் கொம்பு அளவு குறைந்திருப்பதைக் காட்டினார்கள். பெரிய கொம்புக்காகப் போட்ட விதி சிறிய கொம்பைத் தந்தது.

2009இல் மாநிலம் முனை எண்ணுவதைக் கைவிட்டது. பெரும்பகுதியில் உள்விரிவு 10 அங்குலம் அல்லது தண்டு 13 அங்குலம்; செழிப்பான டெல்டாப் பகுதியில் 12 அல்லது 15 என்று பிரித்தது. முனைகளின் எண்ணிக்கை வயதைச் சரியாகக் காட்டாது. விரிவும் தண்டும் அதைவிட நன்றாகக் காட்டும். மாறிய அளவுகோல் நன்கு வளர்ந்த இளம் மானையும் காப்பாற்றியது.

மரபு மேம்படுமா?

மேம்படாது, சுருக்கமாகவே சொல்லிவிடலாம். குட்டியின் மரபில் பாதி தாயுடையது, தாய்க்குக் கொம்பே இல்லை. எந்தப் பெண் மான் நல்ல கொம்பின் மரபைச் சுமக்கிறது என்று பார்த்துச் சொல்ல வழியில்லை. வயதான ஆண் மான்கள் நிறைய உள்ள கூட்டத்திலும் மூன்றில் ஒரு பங்குக் குட்டிகளுக்கு ஒன்றரை, இரண்டரை வயது மான்களே தந்தை. இதில் இளம் மான்களும் ஊர் மாறிக்கொண்டே இருக்கின்றன. விதியால் கொம்பு பெரிதாகத் தெரிகிறது என்றால் அது வயது செய்த வேலை.

வேட்டைக்கு என்ன லாபம்?

ஒன்றரை வயதைத் தாண்டிய ஆண் மான்கள் கூடினால் காட்டின் நடமாட்டமே மாறுகிறது. மரப்பட்டையில் கொம்பு தேய்த்த தழும்புகள், குளம்பால் பறித்த மண், கொம்போடு கொம்பு மோதும் சத்தம். இதையெல்லாம் பார்ப்பதற்காகவே விடியலில் மரத்தில் ஏறி உட்காருகிறவர்கள் பலர். அவர்களுடைய மகிழ்ச்சி பொய்யில்லை.

இழப்பவர்களும் இருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒரே ஒரு சனிக்கிழமை கிடைத்து, வீட்டு உறைபெட்டிக்கு இறைச்சி தேடிப் போகிறவருக்குக் கண்ணெதிரே நிற்கும் இளம் மான் எட்டாமல் போகிறது. பென்சில்வேனியா சிறுவர்களுக்கும், குறிப்பிட்ட உடல் ஊனம் உள்ளவர்களுக்கும், பணியில் இருக்கும் படைவீரர்களுக்கும் பழைய தளர்ந்த அளவையே வைத்திருக்கிறது. இது சலுகை என்று நான் நினைக்கவில்லை. விதியின் நியாயத்துக்கே இது தேவை. தவறாகச் சுட்டவர் பயந்து மானைக் காட்டிலேயே விட்டுவிட்டுப் போனால் விதி ஓர் உயிரை வீணாக்கியதாகும். அதனால்தான் தானாக முன்வந்து ஒப்படைப்பவரிடம் சிறு தொகை மட்டும் வாங்கும் வழியும் அங்கே இருக்கிறது.

வேறு பாதையும் உண்டு. இண்டியானா 2002இல் முனை எண்ணாமல், ஒருவருக்கு ஆண்டுக்கு ஓர் ஆண் மான்தான் என்றது. கையில் ஒரே வாய்ப்பு இருந்தால் பலர் தாமாகவே சின்ன மானை விட்டுவிடுகிறார்கள். இறைச்சி வேண்டுமென்பவர் அதையே எடுத்துக்கொள்கிறார். தேர்வு மனிதர் கையில் இருப்பதால் எனக்கு இந்த வழி அதிகம் பிடிக்கிறது. ஆனால் இளம் மான்கள் மிகக் கடுமையாகச் சுடப்படும் இடத்தில் இது மெதுவாகத்தான் பலன் தரும்.

நோய் வந்த இடத்தில் கணக்கு மாறுகிறது

மான்களை மெலியவைத்துக் கொல்லும் ஒரு மூளை நோய் பரவுகிறது. 1967இல் கொலராடோவில் அடைத்து வளர்த்த மான்களிடம் முதலில் காணப்பட்டது. இன்று 30க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இருக்கிறது. காரணம் கிருமி இல்லை. வடிவம் திரிந்த ஒரு புரதம், பிரியான். எச்சில், சிறுநீர், சாணம் வழியாக மண்ணில் சேர்ந்து பல ஆண்டுகள் கிடக்கும். மருந்து இல்லை, தடுப்பூசி இல்லை. தொற்றிய மான் ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் நலமாகத் தோன்றியபடியே அதைப் பரப்பித் திரியும்.

இந்த நோய் பெண் மான்களைவிட வளர்ந்த ஆண் மான்களிடம் ஏறத்தாழ இரு மடங்கு காணப்படுகிறது. அவை அதிகம் அலைகின்றன, அதிகம் மானோடு உரசுகின்றன. அதாவது கொம்பு விதி எந்த வயதை வளர்த்துவிடுகிறதோ அதே வயதுதான் நோயின் வாகனம். நோயில்லாத காட்டில் பலனாக இருந்தது இங்கே ஆபத்தாகிறது.

மிசூரி இதைக் கண்டு நடந்துகொண்டது. அங்கே 2004இல் 29 கவுண்டிகளில் நான்கு முனை விதி தொடங்கி, வேட்டைக்காரர்கள் விரும்பியதால் மேலும் விரிந்தது. பின்னர் நோய் தென்பட்ட கவுண்டிகளில் அந்த விதியை மாநிலமே நீக்கியது. இளம் ஆண் மானையும் சுடலாம், சுட்டதன் தலையைச் சோதனைக்குக் கொடுங்கள் என்றது. ஒரு பக்கம் இருபதாண்டு பொறுத்து வளர்த்த பெரிய மான்கள், மறுபக்கம் மண்ணிலேயே தங்கிவிடும் நோய். இப்போது விதியை வைத்திருக்கும் ஒவ்வொரு மாநிலமும் தன் வரைபடத்தில் நோய்ப் பகுதியின் கோடு நகரும்போதெல்லாம் இந்த முடிவைத் திரும்ப எடுக்க வேண்டியிருக்கிறது.